அண்ணா தந்த ஹோட்டல் புள்ளிகளை எங்கே செலவழிப்பது?

உடுவிலில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்:

"வரும் டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூர், மலேசியா போக யோசிக்கிறோம். நான், கணவர், 14 வயது மகள், 8 வயது மகன், 71 வயது அம்மா. சிங்கப்பூரில் நான்கு இரவு, கோலாலம்பூரில் ஐந்து இரவு. கனடாவில் இருக்கும் என் அண்ணா வேலை அலுவலாக அடிக்கடி பயணம் செய்பவர். மரியட், ஹில்டன் ஹோட்டல் நிறுவனங்களில் தங்கித் தங்கி அவருக்குப் புள்ளிகள் சேர்ந்திருக்கின்றன, காசுக்குப் பதிலாக அவற்றைக் கொடுத்து அறை எடுக்கலாம். மரியட்டில் 260,000 புள்ளிகளும் ஹில்டனில் 110,000 புள்ளிகளும் தன்னிடம் சும்மா கிடக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உள்ள பெரிய ரிசோர்ட்டில் போட்டால்தான் புள்ளிக்குப் பெறுமதி என்பது அவர் கருத்து. விமான நிறுவனங்களின் புள்ளிகளான மைல்களாக மாற்றினால் ரிக்கெற் காசு மிச்சம் என்கிறார் கணவர். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், கோவிலுக்குக் கிட்ட ஓர் இடம் போதும் என்கிறா. அண்ணா இரண்டிலும் அடிக்கடி தங்குபவர்களுக்குத் தரும் கோல்ட் நிலை உறுப்பினர் என்பதால் எங்களுக்குக் காலைச் சாப்பாடும் இலவசம் என்று சொன்னார். எங்கே தங்குவது, எப்படிப் பதிவது?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் மூன்று பேரின் கருத்து இருக்கிறது. அதில் அம்மாவின் கருத்தைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. இருபது வருடமாக யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குப் பயண ஒழுங்கு செய்து தருகிறேன். குடும்பத்தில் மெதுவாக நடப்பவருக்குப் பொருந்துகிற இடத்தில் அறை எடுத்தவர்கள் எல்லோரும் சந்தோசமாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் படங்களோடு திரும்பி வந்திருக்கிறார்கள். ஆகவே எந்த இடம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த இடத்தில் அண்ணாவின் புள்ளி செல்லுமா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

தொடங்குமுன் ஒரு விடயத்தைத் திறந்து சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து என் அலுவலகத்தில் அறை பதிந்தால் எனக்குத் தரகுப் பணம் வரும். புள்ளியில் பதிந்தால் ஒன்றும் வராது. கீழே சொல்வதை அதை மனதில் வைத்தே வாசியுங்கள்.

செந்தோசா வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அண்ணா சொல்லும் இடம் தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது. நீச்சல் குளமும் கடல் காட்சியும் வடிவுதான். ஆனால் எம்.ஆர்.டி. ரயிலுக்கு நடந்து போக முடியாது. காலையில் தோசை சாப்பிட வேண்டுமென்றாலும் ரக்சி, கோவிலுக்கும் ரக்சி. ஐந்து பேர் என்றபடியால் பெரிய வாகனமாகப் பார்க்க வேண்டும். அண்ணாவின் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்குகிறது. ஓர் இரவுக்கு 500 டொலர் கேட்கும் அறையைப் புள்ளியில் எடுத்தால், 500 டொலர் மிச்சம் பிடித்தது போல இருக்கும். யோசித்துப் பாருங்கள், காசு கொடுத்து என்றால் அந்த அறையை நீங்கள் எடுத்திருப்பீர்களா? எடுத்திருக்க மாட்டீர்கள். கையில் இருந்து போகவே போகாத காசை மிச்சக் கணக்கில் எழுதக் கூடாது. உங்கள் குடும்பம் உண்மையில் எடுத்திருக்கக்கூடிய அறையின் விலை எதுவோ, அதை வைத்துத்தான் புள்ளியின் பெறுமதியைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கு கடினமே இல்லை. ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு ஹோட்டலுக்கும் ஒரே நாளில் இரண்டு விலையைப் பாருங்கள்: வரி எல்லாம் சேர்ந்த காசு விலை, புள்ளி விலை. சிங்கப்பூரில் அறை விலையின் மேல் 10 வீதம் சேவைக் கட்டணமும், 2024 ஜனவரியிலிருந்து 9 வீதப் பொருட்கள் சேவைகள் வரியும் ஏறும். முதலில் கண்ணில் படுகிற விலை பல இடங்களில் இவை இல்லாத விலை. புள்ளியில் எடுக்கும் அறைக்கு இவை தனியாக ஏறுவதில்லை, அதனால் வரி சேர்த்த விலையோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். விலை நாளுக்கு நாள் மாறும், ஆகவே எண்களை உதாரணமாக மட்டும் எடுங்கள். சிங்கப்பூரில் நடுத்தரமான ஒரு மரியட் ஹோட்டலில் வரியோடு 210 அமெரிக்க டொலர் அல்லது 32,000 புள்ளி என்று காட்டுகிறது. அப்படியென்றால் ஆயிரம் புள்ளிக்கு ஏறத்தாழ 6 டொலர் 50 சதம் கிடைக்கிறது. கோலாலம்பூரில் அதே நிறுவனத்தின் ஹோட்டல் ஒன்றில் 95 டொலர் அல்லது 24,000 புள்ளி. அங்கே ஆயிரம் புள்ளிக்கு 4 டொலர்தான். டொலருக்கு 300 ரூபாய் என்று வட்டமாக வைத்தால், அதே ஆயிரம் புள்ளி சிங்கப்பூரில் சுமார் 1,970 ரூபாய், கோலாலம்பூரில் சுமார் 1,190 ரூபாய். கோலாலம்பூரில் நல்ல ஹோட்டல்கள் காசுக்கே மலிவு. சிங்கப்பூரில் சாதாரண அறைக்கே கை சுடும். அதனால் மரியட் புள்ளி முழுவதையும் சிங்கப்பூரில் போடுங்கள்.

இனி இடம். அம்மாவுக்கு, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் உள்ள சிராங்கூன் வீதிப் பக்கம்தான் மனதுக்குப் பிடிக்கும். வீரமாகாளியம்மன் கோவில் அந்த வீதியிலேயே இருக்கிறது. 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் சைவச் சாப்பாட்டுக் கடையும் அங்கேதான். கோவிலுக்குக் கிட்டவே பெலிலியோஸ் வீதியில் ஹில்டன் கார்டன் இன் ஒன்று உண்டு. ஆனால் ஹில்டன் புள்ளி உங்களிடம் 110,000தான், அதை நான் வேறு இடத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். மரியட் என்றால் நொவீனாவில் உள்ள அவர்களின் கோர்ட்யார்ட் ஹோட்டலைப் பாருங்கள். நொவீனா நிலையத்தில் ஏறினால் அடுத்தது நியூட்டன். அங்கே டவுன்டவுன் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. மொத்தம் இரண்டு நிறுத்தங்கள்தான், எல்லா நிலையங்களிலும் லிப்ற் இருக்கிறது. நியூட்டனில் பாதை மாறும்போது கொஞ்சம் நடக்க வேண்டும். அம்மாவுக்கு ஏலாத நாளில் ரக்சி பிடித்தாலும் தூரம் குறைவு.

ஐந்து பேருக்கு ஓர் அறை போதாது. சிங்கப்பூர் அறைகள் சின்னன், பெரும்பாலும் இரண்டு மூன்று பேருக்கு மேல் விடமாட்டார்கள். தேடும்போது ஆட்களின் எண்ணிக்கையையும் பிள்ளைகளின் வயதையும் உண்மையாகவே போடுங்கள். இரண்டு பேர் என்று பதிந்துவிட்டு ஐவராகப் போய் வரவேற்பு மேசையில் கெஞ்ச வேண்டாம், டிசம்பரில் மேலதிக அறை கிடைக்காமலே போகலாம். அம்மாவும் மகளும் ஓர் அறை, நீங்களும் கணவரும் மகனும் ஓர் அறை என்று இரண்டு எடுங்கள்.

இரண்டு அறைக்குப் புள்ளி காணுமா? இங்கேதான் மரியட்டின் ஒரு விதி உங்களுக்குக் கைகொடுக்கிறது. ஒரே ஹோட்டலில் தொடர்ந்து ஐந்து இரவு புள்ளியில் எடுத்தால் நான்கு இரவுக்குத்தான் புள்ளி கழிப்பார்கள். ஐந்தில் மிகக் குறைந்த விலையுள்ள இரவு இலவசம். இதற்கு கோல்ட், சில்வர் ஒன்றும் வேண்டாம், எல்லா உறுப்பினருக்கும் பொது. நாங்கள் நான்கு இரவுதானே இருக்கப் போகிறோம் என்று கேட்பீர்கள். கொழும்பிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் விமானங்கள் விடிய 7 மணியளவில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறக்கிவிடும். ஹோட்டலில் அறை தருவது பின்னேரம் 3 மணிக்கு. உடுவிலில் இருந்து முதல்நாள் கிளம்பி, கட்டுநாயக்கா வரை எட்டு ஒன்பது மணித்தியாலம் வாகனத்தில் இருந்து, இரவு முழுக்கக் கண்விழித்த அம்மா, பின்னேரம் வரை ஹோட்டல் வாசல் கதிரையில் இருக்கப் போகிறாவா? நீங்கள் போய் இறங்கும் நாளுக்கு முந்திய இரவிலிருந்தே இரண்டு அறைகளையும் ஐந்து இரவுக்குப் பதியுங்கள். நான்கு இரவுக்கும் ஐந்து இரவுக்கும் போகும் புள்ளி ஏறத்தாழ ஒன்றுதான். உதாரண விலைப்படி அறைக்கு 128,000, இரண்டுக்கும் 256,000. உங்களிடம் 260,000 இருக்கிறது. விடிய 8 மணிக்கு நேராக அறைக்குப் போய், அம்மா குளித்து, காலை நீட்டிப் படுக்கலாம்.

அப்படிச் செய்தால் ஒன்றை மறக்கக் கூடாது. முதல் இரவு நீங்கள் வரமாட்டீர்கள். வராதவர்கள் என்று குறித்து முழுப் பதிவையும் இரத்துச் செய்துவிடும் அபாயம் உண்டு. பதிந்த கையோடு ஹோட்டலுக்கு மின்னஞ்சல் எழுதி, "இன்ன திகதி காலை 8 மணிக்குத்தான் வருவோம், அறையை விட்டுவிட வேண்டாம்" என்று சொல்லி, அவர்கள் சரி என்று எழுதும் பதிலைக் கைவசம் வையுங்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு தடவை தொலைபேசியிலும் கதையுங்கள்.

கோலாலம்பூர் எனக்குப் பிடித்த பகுதி, ஆகவே கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன். கே.எல். சென்ட்ரல் நிலையத்தோடு ஒட்டியே ஹில்டன் இருக்கிறது. விமான நிலையத்தின் முதலாம் முனையத்திலிருந்து விரைவு ரயிலில் 28 நிமிடம், நடுவில் நிறுத்தமே இல்லை. பத்துமலைக்குப் போகும் கொம்யூட்டர் ரயிலும் அதே நிலையத்தில்தான் ஏற வேண்டும், மாறாமல் நேரே பத்துமலையில் இறங்கலாம். 272 படி ஏற அம்மாவால் ஏலாது, ஆனால் கீழே நின்று முருகனின் பெரிய சிலையைக் கும்பிடலாம். நிலையத்துக்குப் பக்கத்தில்தான் பிரிக்ஃபீல்ட்ஸ், தமிழ்க் கடைகளும் வாழையிலைச் சாப்பாடும் நிறைந்த இடம். ஸ்கொட் வீதியில் ஸ்ரீ கந்தசுவாமி கோவில் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பு மலாயா ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலைக்குப் போன எங்கள் ஆட்கள் நல்லூரை நினைத்துக் கட்டிய கோவில். அம்மாவை அங்கே கூட்டிப் போங்கள். எங்கள் முறையில் பூசை நடப்பதைப் பார்த்து எத்தனையோ அம்மாமார் அழுததை என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

ஹில்டன் புள்ளிகளை இங்கே போடுங்கள். ஹில்டனிலும் ஐந்தாவது இரவு இலவசம் உண்டு, ஆனால் அது சில்வர் நிலையிலும் அதற்கு மேலேயும் உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் முழுக்கப் புள்ளியில் எடுக்கும் சாதாரண அறைகளுக்கு மட்டும். அண்ணா கோல்ட் என்றபடியால் அவருக்கு உண்டு. ஓர் இரவு 25,000 என்று வைத்தால் ஐந்து இரவுக்கு 100,000. அம்மாவின் அறை முடிந்தது. மற்ற அறையைக் காசுக்கு எடுங்கள். ஹில்டன் தளத்தில் ஒரே ஹோட்டலுக்கு இரண்டு விதமான புள்ளி விலை காட்டும். ஒன்று சாதாரண அறை. மற்றது கொஞ்சம் பெரிய அறை, ஆனால் புள்ளி பல மடங்கு. சாதாரண அறை அன்று காட்டவில்லை என்றால் பெரியதற்குப் போக வேண்டாம், இரண்டு நாள் விட்டு மீண்டும் பாருங்கள், அல்லது திகதியை ஒரு நாள் முன்னே பின்னே தள்ளுங்கள்.

இப்போது, புள்ளியை உங்கள் பெயருக்கு மாற்றுவதா, அண்ணாவே பதிவதா? அண்ணாவே பதியட்டும். ஹில்டனில் குடும்பத்தாரும் நண்பர்களும் புள்ளிகளை ஒன்றாகச் சேர்க்கும் வசதி இலவசம். ஆனால் உங்கள் புதிய கணக்குக்கு வந்துவிட்டால் சில்வர் நிலை இல்லாததால் அந்த ஐந்தாவது இரவு போய்விடும். மரியட்டில் ஒருவரிடமிருந்து வருடத்துக்கு 100,000 புள்ளிதான் இன்னொருவருக்கு அனுப்பலாம். அதோடு ஒன்றும் நடக்காத புதுக் கணக்கு என்றால் 90 நாள் காத்திருக்க வேண்டும். இந்தச் சிக்கல் ஒன்றும் உங்களுக்குத் தேவையில்லை. அண்ணா தன் கணக்கிலிருந்து பதிந்து, ஒவ்வோர் அறையிலும் தங்கப் போகும் பெரியவரின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ள எழுத்தோடு அப்படியே போடச் சொல்லுங்கள். அதன் பிறகு அவர் அந்த நிறுவனத்தின் உறுப்பினர் சேவைக்கு ஒரு தடவை எடுத்து, "நான் வரமாட்டேன், என் தங்கச்சி குடும்பம்தான் தங்கும்" என்று பதிவில் குறிக்கச் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் போனால், கணக்குக்காரர் எங்கே என்று வரவேற்பு மேசையில் கேட்பார்கள். அப்போது கனடாவில் நடுச்சாமமாகவும் இருக்கலாம்.

பெயர் சரியாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. சிங்கப்பூருக்கு எங்கள் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டி விசா வேண்டாம். மலேசியாவுக்கு இணையவழி விசா எடுக்க வேண்டும், அதற்குத் தங்குமிடப் பதிவும் காட்ட வேண்டியிருக்கும். பதிவில் அண்ணாவின் பெயர் மட்டும் இருந்தால் அது உங்களுக்கு உதவாது. புள்ளியில் எடுத்த அறைகளைப் பொதுவாக வருகைக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு வரை இரத்துச் செய்யலாம், புள்ளி கணக்குக்குத் திரும்பிவிடும். கடைசித் திகதி ஹோட்டலுக்கு ஹோட்டல் வேறுபடும், பதிவுக் கடிதத்தில் இருக்கும். ஆகவே இப்போதே பதிந்துவிட்டு, அதை வைத்தே விசாவுக்குப் போடலாம். விசா பிந்தினாலும் நட்டமில்லை.

காலைச் சாப்பாட்டைப் பற்றி அண்ணா அன்பாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் அது நடக்காது. கோல்ட் நிலையின் சலுகைகள் அந்த உறுப்பினர் தானே வந்து தங்கும்போதுதான். அவர் கனடாவில் இருக்க, நீங்கள் இங்கே தங்கினால் உங்களைச் சாதாரண விருந்தாளியாகத்தான் பார்ப்பார்கள். மரியட்டிலோ கோல்ட் நிலைக்குக் காலைச் சாப்பாடு பொதுவான சலுகையே இல்லை. பறவாயில்லை. ஐந்து பேருக்கு ஹோட்டலில் காசு கொடுத்துக் காலைச் சாப்பாடு எடுக்கவும் வேண்டாம். சிராங்கூன் வீதியிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் விடிய இட்டலி, இடியப்பம் கிடைக்கும். அம்மாவும் அதைத்தான் விரும்பிச் சாப்பிடுவா.

மைல்களாக மாற்றும் யோசனைக்கு நான் உடன்படவில்லை. மரியட்டில் மூன்று புள்ளிக்கு ஒரு மைல். பல விமான நிறுவனங்களுக்கு 60,000 புள்ளியை மாற்றினால் 20,000 மைலோடு 5,000 மேலதிகமாகத் தருவார்கள். அப்படிப் பார்த்தாலும் உங்கள் 260,000 புள்ளி ஒரு லட்சத்துச் சொச்சம் மைல்தான். ஐந்து பேருக்கு, டிசம்பரில், ஒரே விமானத்தில் மைல் ஆசனம் கிடைப்பது மிகவும் கடினம். கிடைத்தாலும் விமான நிலைய வரிகளைக் காசாகக் கட்ட வேண்டும். மாற்றிய மைலைத் திரும்பப் புள்ளியாக்கவும் முடியாது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: சிங்கப்பூரில் இரண்டு அறைக்கு நான்கு இரவு என்றால் உதாரண விலைப்படி 1,680 டொலர், ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல். அது கையில் நிற்கிறது. அந்தக் காசில் ரிக்கெற் எடுக்கலாம்.

திகதியைப் பற்றி ஒரு சொல். சிங்கப்பூரிலும் நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முடியும் வரை பள்ளி விடுமுறை. நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடையில் காசு விலையும் ஏறும், புள்ளி விலையும் ஏறும். 2022 முதல் மரியட்டுக்கு நிலையான புள்ளி அட்டவணை கிடையாது, கேள்வி கூடினால் புள்ளியும் கூடும். பிள்ளைகளின் விடுமுறை தொடங்கியதும் முதல் வாரத்திலேயே போய், நத்தாருக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுங்கள். நான் மேலே போட்ட கணக்கில் மிஞ்சுவது 4,000 மரியட் புள்ளிகள்தான். ஒரு அறைக்கு ஓர் இரவு ஆயிரம் புள்ளி கூடினாலே அந்த மிச்சம் போய்விடும். கொஞ்சம் குறைந்தால் அண்ணா குறைகிற அளவை மட்டும் வாங்கலாம். மரியட் ஆயிரம் புள்ளியை 12 டொலர் 50 சதத்துக்கு விற்கிறது. நான்கைந்தாயிரம் என்றால் வாங்குங்கள், ஐம்பதாயிரம் என்றால் ஒரு அறையைக் காசுக்கு எடுப்பதா என்று கொப்பியில் மீண்டும் போட்டுப் பாருங்கள்.

முகநூலில் "பாதி விலைக்குப் புள்ளி அறை" என்று விளம்பரம் வரும். தயவு செய்து கிட்டப் போகாதீர்கள். புள்ளியை விற்பது இந்த நிறுவனங்களின் விதிக்கு மாறானது. கண்டுபிடித்தால் கணக்கையும் பதிவையும் சேர்த்தே மூடுவார்கள். சுன்னாகத்துக் குடும்பம் ஒன்று அப்படி வாங்கிவிட்டு, போய் இறங்கிய பிறகு பதிவே இல்லை என்று இரவு 10 மணிக்கு எனக்கு எடுத்தார்கள். அன்றிரவு கிடைத்த அறைக்கு அவர்கள் கொடுத்த விலை, மிச்சம் பிடிக்க நினைத்ததைப் போல இரண்டு மடங்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது என் பிழையால் நான் கற்றுக்கொண்டது. சாவகச்சேரியில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியரும் மனைவியும், மகன் தந்த புள்ளியில் கோலாலம்பூரில் அறை எடுத்திருந்தார்கள். எல்லாம் கட்டி முடிந்தது, சும்மா போய்ச் சாவியை வாங்குங்கள் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். இரவு 11 மணிக்கு வரவேற்பு மேசையில் இருந்த பெண் பிள்ளை சிரித்துக்கொண்டே, முற்பணத்துக்கு ஒரு கார்ட் தாருங்கள் என்றாளாம். புள்ளியில் அறை எடுத்தாலும், அறையில் ஏதும் செலவானால் என்று ஹோட்டல்கள் கொஞ்சக் காசைக் கார்ட்டில் பிடித்து வைக்கும், போகும்போது விடுவிக்கும். ஆசிரியர் தன் டெபிட் கார்ட்டைக் கொடுத்தார். இயந்திரம் ஏற்கவில்லை. இன்னொரு முறை. அதுவும் இல்லை. வங்கியில் சொல்லி வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடாத கார்ட் அது. அவர் வாட்ஸ்அப்பில் என்னைக் கூப்பிட்டபோது குரல் நடுங்கியது. ஒரு மாணவனிடமும் கைநீட்டாத மனிதர், வெளிநாட்டில் நின்று காசில்லாதவர் போலத் தெரிகிறோமே என்று கூனிப்போயிருந்தார். கடைசியில் கையில் இருந்த 500 ரிங்கிற்றில் 300ஐ முற்பணமாக வாங்கிக்கொண்டு சாவி கொடுத்தார்கள். அடுத்த இரண்டு நாளும் அவர்கள் மிச்சமிருந்த 200 ரிங்கிற்றில்தான் சமாளித்தார்கள். அதற்குப் பிறகு என்னிடம் வருகிற ஒவ்வொருவரையும் முதலில் கேட்பது இதைத்தான்: வெளிநாட்டில் வேலை செய்யும் கார்ட் இருக்கிறதா?

ஆகவே கணவரை வங்கிக்கு அனுப்புங்கள். கார்ட்டை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்து, எந்த நாடு, எந்தத் திகதி என்று சொல்லிவிட்டு வரட்டும். டெபிட் கார்ட்டில் பிடித்து வைத்த காசு திரும்பி வரப் பல நாள் எடுக்கும், அதனால் கிரெடிட் கார்ட் இருந்தால் அதையே கொடுங்கள். மலேசியாவில் வெளிநாட்டவர்கள் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிற் சுற்றுலா வரி ஹோட்டலிலேயே கட்ட வேண்டும், புள்ளி அறைக்கும் சேர்த்துத்தான். உங்கள் இரண்டு அறை, ஐந்து இரவுக்கு 100 ரிங்கிற். அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

காசுக்கு எடுக்கும் அந்தக் கோலாலம்பூர் அறையை மட்டும் கணவரின் பெயரில் ஹில்டனில் இலவசக் கணக்கு ஒன்று திறந்து, அவர்களின் சொந்தத் தளத்திலேயே பதியுங்கள். மற்றத் தளங்களில் பதிந்தால் புள்ளி சேராது. மற்றத் தளத்தில் விலை நன்றாகக் குறைவு என்றால் அங்கேயே எடுங்கள், ஐந்து இரவில் சேரும் புள்ளி அப்படியொன்றும் பெரிதில்லை. ஹில்டனோ மரியட்டோ யாழ்ப்பாணத்தில் இல்லை, நீங்கள் அடிக்கடி பயணம் போகிறவர்களும் இல்லை. 24 மாதம் கணக்கில் ஒன்றும் நடக்காவிட்டால் இரண்டு நிறுவனத்திலும் புள்ளி அழிந்துவிடும். அண்ணாவுக்கும் இதைச் சொல்லுங்கள். புள்ளிக்கு வட்டி கிடையாது, வருடம் போகப் போக ஓர் அறைக்குக் கேட்கும் புள்ளிதான் கூடுகிறது. உங்களுக்குக் கொடுப்பதில் அவருக்கு இழப்பு இல்லை, ஆகவே கூச்சப்படாமல் வாங்குங்கள்.

இந்தக் கிழமையே அண்ணாவோடு கதைத்து, சிங்கப்பூர் இரண்டு அறைகளையும் முதலில் பிடியுங்கள், அவைதான் முதலில் முடியும். பதிந்ததும் இரண்டு ஹோட்டலுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். இரண்டு பதிவு இலக்கங்களையும் போட்டு, இரண்டு அறைகளும் ஒரே மாடியில், அடுத்தடுத்து வேண்டும் என்று கேளுங்கள். முழங்கால் வருத்தமுள்ள 71 வயது அம்மா வருகிறா என்று எழுதி, லிப்ற்றுக்குக் கிட்ட அறையும், குளியல் தொட்டி ஏறி இறங்கத் தேவையில்லாமல் நின்று குளிக்கிற இடமும் கேளுங்கள். உறுதி தரமாட்டார்கள், ஆனால் முன்கூட்டி எழுதிக் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் செய்து தருகிறார்கள். பதில் வந்த பிறகும் ஏதாவது விளங்காமல் இருந்தால் பதிவுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வாருங்கள், ஒன்றாக இருந்து வாசிப்போம். அதற்குக் காசு வேண்டாம்.